ட்ரையத்லனுக்கு முன் ஒரு 10 கிலோமீற்றர்: யாழ்ப்பாண வீதியில் ஆண்டின் முதல் ஓட்டப் போட்டிக்கு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் வீதியோட்டம் எல்லாவற்றுக்கும் மரதன் என்றுதான் பெயர். தை, மாசியில் பள்ளிக்கூடங்களின் இல்ல மெய்வல்லுநர் போட்டியை ஒட்டி நடக்கும் 5 கிலோமீற்றரும் மரதன், சித்திரைப் புத்தாண்டுக்கு விளையாட்டுக் கழகம் வைக்கும் 8 கிலோமீற்றரும் மரதன். அதனால் பெயர் கொடுக்கும்போதே தூரம் எத்தனை, எங்கே தொடங்கி எங்கே திரும்புவது, எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ட்ரையத்லனுக்குத் தயாராகிறவருக்கு மிகவும் பயன்படுவது 10 கிலோமீற்றர். ஸ்பிரின்ட் ட்ரையத்லனில் 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். ஒலிம்பிக் தூரத்தில் 1.5, 40, 10. இரண்டில் எதற்குப் போவதென்றாலும் 10 கிலோமீற்றர் வீதியோட்டத்தில் எடுத்த நேரத்தை வைத்து உங்கள் ஓட்ட வேகத்தையும் பயிற்சி வேகங்களையும் கணக்கிடலாம். இந்த ஓட்டத்துக்குப் போவது அந்தக் கணக்குக்காகத்தான். கிண்ணம் கிடைத்தால் நல்லது, ஆனால் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியது இலக்கங்களை.

ஏன் முதலில் ஓட்டம்

வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகரைக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். 1954இல் நவரத்தினசாமியும் 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தனும் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து பெருமை சேர்த்த கரைதான் இது. ஆனாலும் தை மாதத்தில் புதிதாக நீந்தப் பழகுகிறவர் அந்தத் திறந்த கடலில் இறங்கக் கூடாது. அதே மாதங்களில் வீதி குளிர்ச்சியாக இருக்கிறது. விடிய 5.30க்கு ஓடினால் வெக்கை தெரியாது, சூரியன் உதிக்கவே கிட்டத்தட்ட 6.30 ஆகிவிடும். பங்குனி பிறந்தால் இந்த வசதி போய்விடும். ஆகவே தை, மாசியில் ஓட்டத்தை அளந்து வைத்துக்கொண்டு, கடல் அடங்கியபின் நீச்சலுக்கு நேரம் ஒதுக்குவதே இங்கே பொருத்தமான ஒழுங்கு.

ட்ரையத்லன் நாளுக்கு 8 முதல் 10 வாரம் முன்னால் இந்த ஓட்டம் அமைந்தால் மிகவும் நல்லது. 3 வாரத்துக்குக் குறைவாக இருந்தால் ஓடாதீர்கள். முழுவேகத்தில் 10 கிலோமீற்றர் ஓடிய காலுக்கு ஒரு வாரம் ஆறுதல் வேண்டும். அந்த வாரத்தைக் கடைசி நேரத்தில் இழந்தால் சைக்கிள் பயிற்சியும் நீச்சலும் சேர்ந்து அடிபடும்.

மழை ஓய்ந்த தை மாதம் டெங்குக் காலமும்கூட. காய்ச்சல் இருந்தால், முதல்நாள் இரவுதான் விட்டது என்றாலும், போட்டியை விட்டுவிடுங்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்போது அஸ்பிரினோ இபுபுறூபனோ போடக் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் இல்லாவிட்டாலும் முழங்கால் நோவுக்கென்று இபுபுறூபனைப் போட்டுவிட்டு வெயிலில் ஓடுவது தவறு. உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அந்தக் குளிசை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை இன்னும் குறைத்துவிடும்.

6 வாரத் தயாரிப்பு

நிற்காமல் 5 கிலோமீற்றர் ஓடக்கூடியவருக்கு 6 வாரம் போதும். வாரத்தில் 3 நாள் ஓட்டம், 2 நாள் சைக்கிள், 2 நாள் நீச்சல். ஓட்டத்தின் 3 நாளும் மூன்று விதமாக இருக்கட்டும்.

செவ்வாய்: 2 கிலோமீற்றர் மெதுவாக ஓடிச் சூடேறியபின், 1 கிலோமீற்றரை 10 கிலோமீற்றர் போட்டி வேகத்தில் 5 தடவை. ஒவ்வொன்றுக்கும் இடையில் 2 நிமிடம் மெல்லோட்டம். முதல் வாரம் 3 தடவையில் தொடங்கி மூன்றாம் வாரத்தில் 5க்கு வாருங்கள். ஐந்தாவது தடவை முதலாவதைவிட 5 செக்கனுக்கு மேல் பிந்தினால் நீங்கள் எடுத்த வேகம் உங்களுக்குரியது இல்லை. அடுத்த வாரம் கிலோமீற்றருக்கு 5 செக்கன் மெதுவாகத் தொடங்குங்கள்.

வியாழன்: 40 நிமிடம், பக்கத்தில் வருபவரோடு முழு வசனம் பேசிக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில்.

ஞாயிறு: நீண்ட ஓட்டம். 7 கிலோமீற்றரில் தொடங்கி, வாரம் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் கூட்டாமல், ஐந்தாம் வாரத்தில் 12 அல்லது 13 வரை.

கார்த்திகை, மார்கழி மழையில் இரண்டு மூன்று வாரம் ஓடாமல் இருந்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும். கெண்டைக்கால் தசையும் குதிநாணும் அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. இங்கே ஓட்டக்காரர் பலரும் தை மாதக் கடைசியில் குதிநாண் நோவோடு நொண்டுவது இதனால்தான். ஒரு வாரம் பாதித் தூரம், அடுத்த வாரம் முக்கால், பிறகு முழுதாக.

கடைசிக் கடின ஓட்டம் போட்டிக்கு 10 நாள் முன்: 2 கிலோமீற்றர் 3 தடவை, போட்டி வேகத்தில். போட்டி வாரத்தில் செவ்வாய்க்கிழமை 400 மீற்றர் 4 தடவை மட்டும். சைக்கிளும் நீச்சலும் பாதி நேரம், கடினம் இல்லாமல். முதல்நாள் 20 நிமிட மெல்லோட்டம் ஓடலாம், ஓய்வெடுத்தாலும் ஒன்றும் குறையாது.

பயிற்சியில் வாகனத்துக்கு எதிர்முகமாக, வலப்பக்க ஓரத்தில் ஓடுங்கள். விடியப் புறப்படும் முதல் பஸ்ஸும், சந்தைக்கு மரக்கறி ஏற்றிப் போகும் லாண்ட்மாஸ்ரரும் இருட்டில் உங்களைக் காணாது. வெள்ளைச் சட்டையும் ஒரு சின்ன லைற்றும் கட்டாயம். தெருநாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். நின்று, அதன் பக்கம் திரும்பி, குனிந்து கல்லெடுப்பதுபோல் காட்டினால் பெரும்பாலும் விலகிவிடும். தார் வீதி நடுவில் உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் தாழ்வில் விழுந்து, முழங்காலின் வெளிப்பக்கத்தில் நோ தொடங்கும். வாகனம் இல்லாத இடத்தில் சமமான பகுதிக்கு ஏறி ஓடுங்கள்.

வீதியையும் காற்றையும் படித்தல்

குடாநாட்டில் ஏற்றம் இறக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மலைநாட்டு ஓட்டக்காரருக்கு ஏற்றம் எப்படியோ, இங்கே ஓடுகிறவருக்குக் காற்று அப்படி. வல்லைவெளியிலும் பண்ணைப் பாதையிலும் மறைப்பு எதுவுமில்லை. பண்ணையிலிருந்து அல்லைப்பிட்டிப் பக்கமாக 5 கிலோமீற்றர் போய்த் திரும்பினால் 10. தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், பாதை தென்மேற்காகப் போகிறது. ஆகவே போகும்போது காற்று முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். போகும் வழியில் காதுக்குள் காற்றின் சத்தமே கேட்காது, உடல் இலேசாக இருக்கும், மணிக்கூடு நல்ல நேரம் காட்டும். அதை நம்பி வேகம் கூட்டியவர்கள்தான் திரும்பும் வழியில், கோட்டை கண்ணுக்குத் தெரியத் தெரிய, நடக்கத் தொடங்குகிறார்கள். வைகாசிக்குப் பிறகு சோளகம் பிடித்தால் இது தலைகீழாகும். அப்போது போகும்போதுதான் கஷ்டம்.

புறப்படுவதற்கு முன் வீதியோரத்து வடலியைப் பாருங்கள், ஓலை எந்தப் பக்கம் சாய்ந்து ஆடுகிறதோ அந்தப் பக்கம்தான் காற்று போகிறது. எதிர்க்காற்றில் உங்கள் அளவு வேகக்காரர் ஒருவருக்குப் பின்னால், ஒரு மீற்றர் விட்டு ஓடுங்கள், முதுகு மறைப்பில் களைப்புக் குறையும். ஆனால் இந்தப் பழக்கத்தை ட்ரையத்லன் சைக்கிளுக்குக் கொண்டுபோகாதீர்கள். வயதுப் பிரிவுப் போட்டிகளில் பெரும்பாலும் இன்னொருவரின் பின்சில்லோடு ஒட்டி ஓடுவது விதிமீறல், தண்டனை நேரம் விழும்.

தூரத்தைப் பற்றி ஒன்று. முறைப்படி அளந்த பாதையில், தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக 1000க்கு 1 மீற்றர் கூட்டி அளப்பார்கள். வளைவுகளை மிகக் குறுகிய கோட்டில்தான் அளப்பார்கள். கழகங்கள் வைக்கும் ஓட்டம் மோட்டார் சைக்கிள் மீற்றரில் அளந்ததாக இருக்கலாம். 9.6 ஆகவோ 10.4 ஆகவோ வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். முடிவுக்கோட்டில் சொல்லும் நேரத்தை மட்டும் எழுதிவைத்தால் பின்னால் செய்யும் கணக்கு முழுவதும் பிழைக்கும். ஜிபிஎஸ் மணிக்கூட்டில் சராசரி வேகத்தையும் பார்த்து எழுதுங்கள். மணிக்கூடு இல்லாதவர் போட்டிக்கு முந்திய வாரமே, சில்லின் சுற்றளவைச் சரியாகப் பதித்த சைக்கிள் மீற்றரோடு பாதையை ஒருமுறை ஓடிப் பார்க்கலாம்.

சாப்பாடும் தண்ணீரும்

முதல்நாள் இரவு வழக்கமான சாப்பாடு: சோறு அல்லது இடியப்பம், பருப்பு, உறைப்புக் குறைந்த ஒரு கறி. ஓடப்போகிறோம் என்று இரட்டிப்பாகச் சாப்பிட வேண்டாம். ஒரு மணித்தியால ஓட்டத்துக்கு உடலில் ஏற்கனவே இருக்கும் மாச்சத்தே போதும்.

காலை 6.30க்கு ஓட்டம் என்றால் 4.15க்கு எழும்பி 4.30க்குள் சாப்பிட்டு முடியுங்கள். இரண்டு துண்டுப் பாணில் ஜாம், ஒரு இதரை வாழைப்பழம், சீனி போட்ட பிளேன்ரீ ஒரு கோப்பை. இவ்வளவும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிராம் மாச்சத்து. 60 கிலோ எடைக்காரருக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன் இது சரியான அளவு. தேங்காய்ப்பூப் போட்ட பிட்டும், பால் விட்ட சொதியும் வேண்டாம். கொழுப்பும் நாரும் இரைப்பையில் தங்கி, நாலாவது கிலோமீற்றரில் வயிற்றைப் பிடிக்கும்.

அந்தச் சாப்பாட்டோடு 300 முதல் 400 மில்லிலீற்றர் தண்ணீர். தொடங்க 10 நிமிடத்துக்கு முன் அரைக் கோப்பை. இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் கூட, வியர்வையில் போகும் சோடியம் இளநீரில் மிகக் குறைவு. உப்பு மீளவேண்டும் என்றால் ஜீவனிப் பக்கற் ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் குடிக்க வேண்டும். அரை லீற்றரில் கரைத்தால் செறிவு கூடி வயிற்றைக் கலக்கும். தீவுப்பகுதிப் பாதையென்றால் தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், பல கிணறுகளில் சவர்.

இந்த ஓட்டத்தில் கட்டாயம் எடுக்கவேண்டிய ஓர் அளவு வியர்வை. ஓட முன், சிறுநீர் கழித்தபின், உள்ளுடுப்போடு மட்டும் எடை பாருங்கள். ஓடி முடித்து உடம்பைத் துடைத்துவிட்டு அதே தராசில் மீண்டும் பாருங்கள். 62.0 கிலோ 61.1 ஆகி, இடையில் 200 மில்லிலீற்றர் குடித்திருந்தால், 50 நிமிடத்தில் வியர்த்தது 1.1 லீற்றர், மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1.3 லீற்றர். ட்ரையத்லனில் சைக்கிளில் எத்தனை போத்தல் கட்டுவது என்பதற்கு இந்த இலக்கம்தான் விடை: இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது மணித்தியாலத்துக்கு 850 மில்லிலீற்றர் அளவில். இழந்ததைவிடக் கூடுதலாகக் குடிப்பது ஆபத்து. ஓடி முடித்து எடை கூடியிருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்திருக்கக்கூடும்.

உடுப்பும் சப்பாத்தும்

ட்ரையத்லனுக்கு வாங்கிய உடுப்பைப் போட்டே ஓடுங்கள். அக்குளிலும் தொடையிடுக்கிலும் எங்கே உரஞ்சுகிறது என்று இப்போதே தெரிந்துவிடும். அங்கே வசிலின் பூசினால் போதும். ஆண்கள் மார்புக்காம்பில் பிளாஸ்ரர் ஒட்டுங்கள். சப்பாத்துப் புதிதென்றால் குறைந்தது 40 கிலோமீற்றர் பயிற்சியில் ஓடியிருக்க வேண்டும். மேசு இல்லாமல் ஓடிப் பார்க்கும் ஆசை பலருக்கு இருக்கும், ட்ரையத்லனில் அது 20 செக்கன் மிச்சம். அதை முதலில் 3 கிலோமீற்றர் பயிற்சியில் பாருங்கள், 10 கிலோமீற்றர் போட்டியில் வேண்டாம். இழுபடும் நாடாவை மட்டும் இப்போதே மாட்டிப் பழகலாம்.

போட்டிக் காலை

ஒரு மணித்தியாலம் முன்னால் இடத்தில் இருங்கள். பிரதம விருந்தினர் வந்து, விளக்கேற்றி, உரை முடிந்து விசில் ஊத அரை மணித்தியாலம் பிந்தக்கூடும். அதற்கென்று ஒரு வாழைப்பழமோ சின்னப் பனங்கட்டித் துண்டோ, அரைப் போத்தல் தண்ணீரோ கையில் இருக்கட்டும். தொடங்கும் நேரம் உறுதியான பிறகுதான் உடம்பைச் சூடாக்க வேண்டும்: 10 நிமிட மெல்லோட்டம், காலை முன்னும் பின்னும் வீசும் பயிற்சி, 80 மீற்றர் விரைவோட்டம் 4 தடவை. விசிலுக்கு 5 நிமிடம் முன் நிறுத்துங்கள். வெயில் ஏறிவிட்டால் மெல்லோட்டம் 5 நிமிடம் போதும், மிச்ச நேரம் நிழலில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

இனித்தான் முக்கியமான பகுதி. பள்ளிக்கூட மரதனில் ஓடிப் பழகிய பிள்ளைகள் விசிலோடு 400 மீற்றர் பந்தயம்போலப் பாய்வார்கள், அந்த அலை உங்களையும் இழுக்கும். முதல் 2 நிமிடம் எந்த வேகமும் இலேசாகத்தான் தெரியும், ஏனென்றால் தசைக்குள் சேமித்திருக்கும் சக்தியே அப்போது செலவாகிறது. அதன் விலை மூன்றாவது கிலோமீற்றரில் வரும்: மூச்சு ஏறும், உடற்சூடு ஏறும், ஏறிய சூடு இந்த ஈரக்காற்றில் இறங்காது. குளிர்நாட்டில் தொடக்கத்தில் விட்ட பிழையை நடுவில் சரிசெய்யலாம். இங்கே சரிசெய்ய முடியாது.

50 நிமிட இலக்குக்கு இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கிலோமீற்றர் 5:08. இரண்டிலிருந்து ஐந்து வரை ஒவ்வொன்றும் 5:00. பாதித் தூரத்தில் மணிக்கூடு 25:08 காட்டும். ஆறு, ஏழு, எட்டு மீண்டும் 5:00. இந்த மூன்றிலும் மனம் நழுவும், 5:10 ஆகியிருப்பது தெரியாமலே ஆகிவிடும்; ஒவ்வொரு கிலோமீற்றரிலும் மணிக்கூட்டைப் பாருங்கள். ஒன்பதாவது 4:58, பத்தாவது 4:52. மொத்தம் 49:58. பண்ணைப் பாதைபோல் பாதி காற்றோடும் பாதி எதிர்த்தும் என்றால் வேகத்தை விட்டுவிட்டு இதயத்துடிப்பையோ மூச்சையோ வைத்து ஓடுங்கள். இரண்டு மூன்று சொல் மட்டும் பேசக்கூடிய மூச்சு 8 கிலோமீற்றர் வரை சரி. 7.30க்கு மேல் வெயிலில் தொடங்கினால் கிலோமீற்றருக்கு 5 முதல் 10 செக்கன் கூட்டி இலக்கு வையுங்கள்.

தண்ணீர் மேசையில் கோப்பையின் வாயைக் கசக்கிப் பிடித்து இரண்டு மிடறு, மிச்சம் தலையிலும் பிடரியிலும்.

வெயிலில் உடல் சிலிர்த்தால், தலை சுற்றினால், கால் பின்னினால் உடனே நில்லுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் முன்பின் இல்லாமல் பேசினால் அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புங்கள். வாகனம் வரும்வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள், உயிரைக் காப்பது அந்தத் தண்ணீர்தான்.

இலக்கங்களைப் பயிற்சியாக்குதல்

அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதுங்கள்: ஒவ்வொரு கிலோமீற்றரின் நேரம், தொடக்க நேரம், காற்று, எடை இரண்டும், முதல் 10 நிமிடத்தை விட்டு மிச்சத்தின் சராசரி இதயத்துடிப்பு. 45 முதல் 60 நிமிடத்துக்குள் ஓடியவருக்கு இந்தச் சராசரி, ஒரு மணித்தியாலம் தாங்கக்கூடிய உச்ச எல்லைக்கு மிக அருகில் இருக்கும்.

50 நிமிடம் ஓடியவரின் கணக்கு: எல்லை வேகம் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 5:08. இலேசான ஓட்டம் 6:00 முதல் 6:30. வேறு தூரங்களுக்கு, தூர விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்திப் பெருக்கும் ரீகலின் சூத்திரம் இருக்கிறது. அதன்படி 5 கிலோமீற்றருக்கு 23:59, அரை மரதனுக்கு 1 மணி 50 நிமிடம். ட்ரையத்லனில் சைக்கிளை விட்டு இறங்கிய காலுக்கு இந்த வேகம் வராது, 5 முதல் 10 வீதம் பிந்தும். ஆகவே ஒலிம்பிக் தூரத்தில் இவருடைய ஓட்ட இலக்கு 52:30க்கும் 55:00க்கும் இடையில். கிலோமீற்றருக்கு 5:15 முதல் 5:30.

கிலோமீற்றர் நேரங்கள் படிப்படியாக ஏறியிருந்தால் தொடக்கம் வேகம். எட்டு வரை சமமாக இருந்து ஒன்பதில் விழுந்திருந்தால் நீண்ட ஓட்டம் போதவில்லை, ஞாயிற்றுக்கிழமையைக் கூட்டுங்கள். வேகம் சமமாக இருந்தும் இதயத்துடிப்பு பாதியிலிருந்து 10க்கு மேல் ஏறியிருந்தால் அது பெரும்பாலும் வெக்கையும் நீரிழப்பும்.

போட்டிக்கு மறுநாள் 20 நிமிடம் இலேசாக நீந்துங்கள். மூன்றாம் நாள் 40 நிமிடம் சைக்கிள், பாரமில்லாத கியரில், நிமிடத்துக்கு 85 மிதி. நாலாம் நாள் 20 நிமிட மெல்லோட்டம். ஒரு வாரம் கழியும்வரை வேக ஓட்டம் வேண்டாம்.

இரண்டாம் வாரக் கடைசியில் முதல் சேர்ப்புப் பயிற்சி: 20 கிலோமீற்றர் சைக்கிள், இறங்கி 3 நிமிடத்துக்குள் 3 கிலோமீற்றர் ஓட்டம். சைக்கிளில் குனிந்தே இருந்த இடுப்புத் தசை சுருங்கியிருக்கும், மிதித்துப் பழகிய கால் ஓட்டத்தின் தாளத்துக்கு வர நேரம் எடுக்கும். முதல் கிலோமீற்றரில் தொடை மரக்கட்டைபோல் கிடக்கும். அடியைக் குறுக்கி, விரைவாக வைத்து, இலக்கைவிட 10 செக்கன் மெதுவாக ஓடுங்கள்; ஒரு கிலோமீற்றருக்குள் இளகிவிடும். வாரம் ஒருமுறை இதைச் செய்து ஐந்தாம் வாரத்தில் ஓட்டத்தை 5 கிலோமீற்றராக்குங்கள். அந்த 5 கிலோமீற்றரின் சராசரி இலக்கைத் தாண்டி (50 நிமிடக்காரருக்கு 5:30க்கு மேல்) போனால் கொப்பியைத் திறந்து சைக்கிள் நேரத்தைப் பாருங்கள். அநேகமாக அங்கேதான் அளவுக்கு மீறி மிதித்திருப்பீர்கள். அடுத்த வாரம் அதே 20 கிலோமீற்றரை 2 நிமிடம் கூட எடுத்து ஓட்டிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள்.